காயலான் கடைக்காரர்களுக்கு ஒரு மடல்: தராசில் ஏற்றும் முன் அடியைப் பாருங்கள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடற்கரை ஊர்களில் பழைய இரும்பு, பித்தளை எடைக்கு எடுக்கும் அண்ணாச்சிமார், காக்காமார், தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். பெயர் தெரியாது, 'தோட்டா வாத்தியார்' என்றால் தெரியும். மாதம் ஒருமுறை டிவிஎஸ் எக்ஸலில் வந்து, பித்தளைக் குவியல் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றின் அடியையும் உற்றுப் பார்ப்பவன். டீ வாங்கித் தருவீர்கள். நான் கிளம்பிய பிறகு சிரிப்பீர்கள், அதுவும் தெரியும். பரவாயில்லை.

இத்தனை வருடம் நேரில் சொல்லாததை இப்போது எழுதக் காரணம் உண்டு. சென்ற பங்குனியில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்தக் கடை என்று எழுத மாட்டேன். அந்த அண்ணாச்சி அன்று நடுங்கிய நடுக்கமே போதும். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தம்பி, பட்டறைக்கு வைத்திருக்கும் தண்டவாளத் துண்டின்மேல் நீளமாக ஒரு பித்தளையை நிறுத்திச் சுத்தியலை ஓங்கிக்கொண்டிருந்தான். பித்தளை தனி விலை, ஈயம் தனி விலை. தலையைக் கழற்றி ஈயத்தைப் பிரித்துவிட்டால் கிலோவுக்கு நாலு காசு கூட வரும். கணக்கு சரிதான். ஆனால் அவன் நிறுத்தியிருந்தது பழைய பட்டாளத்துத் துப்பாக்கியின் .303 தோட்டா. தலையோடு. நான் போட்ட கத்தலில் தெருநாய் எழுந்து ஓடியது.

அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கும் அந்த வயதில் யாரும் சொல்லித்தரவில்லை.

நான் பொறுக்கிய முதல் தோட்டாக் கூடு 1968-ல் கிடைத்தது. மாமாவோடு சக்கரக்கோட்டைக் கண்மாய்க்குப் போயிருந்தபோது, ஜீப்பில் வந்தவர்கள் கிளுவையும் உள்ளானும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று உரிமம் இருந்தால் வேட்டைக்குத் தடையில்லை. 1972-ல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பிற்பாடு அது இன்னும் இறுகியதும் அந்தக் காலம் முடிந்தது. அதே கண்மாய் இப்போது பறவைகள் சரணாலயம், 2025-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அன்று என் காலடியில் விழுந்த கூடு இன்னும் சூடாக இருந்தது. சிவப்புக் காகிதக் குழல், அடியில் பித்தளைத் தொப்பி, கருகிய வாசம். அடியில் பொறித்திருந்த ஆங்கில எழுத்துகளை மாமா கூட்டிப் படித்து, "எலின்னு போட்டிருக்குடா" என்றார். வெகுநாள் அது எலி சுடுகிற தோட்டா என்றே நம்பியிருந்தேன். அது ஈலி. லண்டனில் 1828-லிருந்து தோட்டா சம்பந்தப்பட்ட தொழில் செய்த குடும்பம். பிற்பாடு பர்மிங்காம் கைனாக் கம்பெனியும் அதுவும் ஒரே குடையின் கீழ் வந்து, 'ஈலி-கைனாக்' என்று பெட்டியில் பெயர் போட்டு நம் ஊர் வரை வந்தது.

அந்தக் காகிதக் குழல்கள் கண்மாய்ச் சேற்றில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. காகிதம் கரைந்துபோய்ப் பித்தளைத் தொப்பி மட்டும் மிஞ்சும். உங்கள் குவியலில் சோடா மூடி மாதிரி, நடுவில் சின்னப் பொட்டோடு கிடக்கிறதே, அதுதான். அதில் 12 என்று எண் இருந்தால் பன்னிரண்டு 'போர்' (bore), அதாவது துப்பாக்கிக் குழலின் அளவு. ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமாகப் பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஒரு உருண்டை எந்தக் குழலில் சரியாக நுழையுமோ, அந்தக் குழலின் அளவு அது. எடை போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிக்கும் என்றுதான் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தோட்டாவில் நாலு பாகம்: தலை, கூடு, உள்ளே மருந்து, அடியில் நடுப்பொட்டாகக் கேப்பு. துப்பாக்கி ஊசி கேப்பைக் குத்த, கேப்பு தீப்பொறி கக்க, மருந்து எரிந்து தலையைத் தள்ளும். தலை போய்விட்டது, கேப்பில் குழி விழுந்திருக்கிறது, வாயில் டார்ச் அடித்தால் அடிவரை வெறுமையாகத் தெரிகிறது என்றால் அது செத்த கூடு. நான் சேர்ப்பது இவற்றைத்தான். இன்னொரு வகையும் சேர்ப்பேன். பட்டாளத்திலும் என்சிசியிலும் துப்பாக்கியில் போட்டு எடுத்துப் பழகுவதற்கென்றே செய்த பொய்த் தோட்டா. அதன் உடம்பில் துளை போட்டிருப்பார்கள், சிவப்பு அடித்திருப்பார்கள், உள்ளே மருந்து கிடையாது.

தலை இல்லாமல், கேப்பில் குழியும் இல்லாமல் ஒன்று வந்தால் அது பாதிதான் செத்தது. கேப்பு மட்டும் வெடித்தாலும் ஒரு விரலுக்கோ ஒரு கண்ணுக்கோ அது போதும்.

எல்லாவற்றிலும் மோசமானது தலையும் இருந்து, கேப்பில் குழியும் இருப்பது. இதில் நானே ஏமாந்தவன். 1983-ல் ஒரு .303 கிடைத்தது. கேப்பில் அழகான குழி. 'சுட்டாச்சு' என்று முடிவுகட்டி, புளி போட்டு விளக்கி, வீட்டு அலமாரியில் பிள்ளைகளின் கோப்பைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஒன்பது வருடம் அங்கேயே நின்றது. ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவர் காப்பி குடிக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "வாத்தியாரே, சுட்டிருந்தா தலை எப்படி அதிலேயே இருக்கும்?" எட்டாம் வகுப்புப் பையன் கேட்க வேண்டிய கேள்வி. ஊசி குத்தியும் வெடிக்காமல் போனது அது. பட்டாளத்தில் அதைத் தனியாக எடுத்துவைத்து அழிப்பார்களாம். நான் ஒன்பது வருடம் தூசி தட்டிக்கொண்டிருந்தேன்.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு காவல் நிலையத்துக்கு நடந்தது என் இரண்டாவது முட்டாள்தனம். காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம்வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார், இயக்கத்துப் பையன்கள் யாராவது தெரியுமா என்று ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார்கள். கடைசியில் ஒரு வாளி மணலில் புதைத்து எங்கோ எடுத்துப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அது 1992. ஆனால் அன்றைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபோது ஒன்று புரிந்தது. இப்படி ஒரு பொருள் கையில் கிடைக்கும் மீனவனோ கொத்தனாரோ ஏன் நிலையத்துக்குப் போகாமல் உங்கள் கடைக்கு வருகிறார் என்று. நீங்கள் கேள்வி கேட்பதில்லை. சாக்கோடு தராசில் ஏற்றிக் காசு கொடுத்துவிடுகிறீர்கள்.

2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டும்போது பெட்டி பெட்டியாகத் துருப்பிடித்த தோட்டாக்கள் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எண்பதுகளில் இலங்கைப் போராளிக் குழுக்கள் இந்தக் கரையில் இருந்தபோது புதைத்தது என்று பேசப்பட்டது. அந்த வீட்டார் முறையாகச் சொன்னார்கள், போலீஸ் வந்தது, நிபுணர்கள் வந்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்புறம் ஊரில் ஒரு பயம் வந்துவிட்டது. பித்தளையாய் நீளமாய் எது கிடைத்தாலும் 'இயக்கத்துச் சாமான்' என்று ராவோடு ராவாகக் கிணற்றிலோ கடலிலோ போடுகிறார்கள், இல்லையென்றால் சாக்கில் கட்டி உங்களிடம் தள்ளுகிறார்கள். தாத்தா வேட்டைக்கு வைத்திருந்த காலிக் கூடும் அதோடு சேர்ந்து போகிறது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது: தலையோடு வந்தால் தொடாதீர்கள். அசைத்துப் பார்க்க வேண்டாம். 'சத்தம் வரல, உள்ள ஒண்ணுமில்ல' என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பழைய .303 பலவற்றில் மருந்து பொடியாக இருக்காது. கார்டைட் என்று பெயர், சேமியாவைக் கத்தையாகக் கட்டி நுழைத்த மாதிரி இருக்கும். இறுக்கமாக நிற்பதால் குலுக்கினால் சத்தமே வராது. அதன் முதல் கலவையில் பாதிக்கு மேல், 58 பங்கு, நைட்ரோகிளிசரின். எண்பது வருடம் உப்புக்காற்றில் கிடந்தபின் அது எந்த நிலையில் இருக்கும் என்று கூட்டின் வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. உருக்கு உலையில் தவறிப் போய் விழுந்தாலோ, தலையைவிடக் கூடுதான் எமன். துப்பாக்கிக் குழலுக்குள் அடங்கியிருக்கும்போது கூடு பத்திரமாக நிற்கும். வெளியில் வெடித்தால் கூடு கிழிந்து சில்லுசில்லாகப் பறக்கும்.

கடலில் வலையோடு ஏறிவரும் குழல் மாதிரிச் சாமான்களில் இன்னும் கவனம் வேண்டும். கப்பல்கள் அடையாளத்துக்குப் போடும் சில புகைக்குழல்களில் பாஸ்பரஸ் வகை மருந்து உண்டு. ஈரமாக இருக்கும்வரை சாதுவாகக் கிடந்து, கரையில் காய்ந்ததும் தானாகப் புகையக்கூடிய சாதி அது. பெயிண்ட் டப்பா அளவு அலுமினியம் என்று ஆசைப்பட வேண்டாம். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, ஆட்களை விலக்கி நிறுத்திவிட்டு 112-க்கு அடியுங்கள். கடற்கரை என்றால் கடலோரக் காவலின் 1093 இருக்கிறது. என்னைப் போல் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் வந்து எடுக்கட்டும், அதற்கென்று பயிற்சி பெற்ற பிரிவு அவர்களிடம் இருக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை என்றாலும். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் உயிருள்ள தோட்டா வைத்திருப்பது குற்றம். துருப்பிடித்தது, கொள்ளுத்தாத்தா காலத்தது என்பதெல்லாம் பதில் ஆகாது. அதே சட்டத்தின் 45-ஆம் பிரிவில், மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணமில்லாத சில்லறைப் பாகங்களுக்கு விலக்கு இருக்கிறது. வெற்றுக் கூடு சேர்க்கிறவன் நிற்பது அந்த ஒரு வரியின்மேல்தான். ஒரு அதிகாரி அதை ஒரு மாதிரி படிப்பார், இன்னொருவர் வேறு மாதிரி. அதனால் நான் என் வீட்டில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் வரிசை எண், கிடைத்த தேதி, கிடைத்த கடை, கேப்பின் நிலை எல்லாம் எழுதி, படமும் வரைந்து வைத்திருக்கிறேன். ஓவிய வாத்தியார் ஆனதற்கு அது ஒரு பலன்.

இனி நான் உண்மையில் எழுத வந்த வருத்தம். செத்த கூடுகளை நீங்கள் ஒன்றுசேர்த்து உருக்கப் போட்டுவிடுகிறீர்கள். எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம், நல்ல பித்தளைதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் அடியில் எழுத்து இருக்கிறது. கல்வெட்டு மாதிரி. கே, எஃப் என்று இரண்டு எழுத்து இருந்தால் பூனாவுக்குப் பக்கத்துக் கிர்க்கி தொழிற்சாலை, 1869-ல் தொடங்கியது. இரண்டு இலக்கம் இருந்தால் வருடம். ரோமன் எண்ணில் ஏழு என்று இருந்தால் 1910-ல் வந்த ஏழாம் மாதிரி. கூர்மூக்குத் தலை அந்த மாதிரியோடுதான் வந்தது. அந்தத் தலையின் நுனியில் ஈயம் இருக்காது தெரியுமா? உறைக்குள் நுனியில் அலுமினியத் துணுக்கோ மரக்கூழோ வைத்து, பின்னால்தான் ஈயம். பின்பக்கம் கனமாக இருக்கட்டும் என்று. ஈயத்துக்காகத் தலையை உடைக்கிறவருக்கு அதிலும் நஷ்டம்தான்.

.303 கூட்டுக்குக் கழுத்து சுருங்கியிருக்கும். அதே அடி, அதே விளிம்பு, ஆனால் கழுத்து சுருங்காமல் நேராக ஒன்று அபூர்வமாக வரும். அது .410. பட்டாளத்துத் துப்பாக்கியின் குழலை மாற்றி, ஒரு முறைக்கு ஒரே தோட்டா போடுகிற மாதிரி ஆக்கி, போலீசுக்கும் ஜெயில் காவலுக்கும் கொடுத்தார்கள் வெள்ளைக்காரர்கள். பறித்துக்கொண்டு போனாலும் பட்டாளத்துத் தோட்டாவை வைத்துச் சுட முடியாதபடி. ஆட்சி தன் போலீஸ்காரனையே எவ்வளவு நம்பியது என்பது ஒரு பித்தளைக் குழாயின் வடிவத்தில் தெரிகிறது. இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்தவை மூன்றுதான்.

ஒரு கடையில் ஒரு கிழவர் வலையைப் பிரித்து ஈயத்தை எடைக்குப் போட்டபோது, அதில் ஒரு ஈயம் மற்றவை போல இல்லை. விரல் நீளம், மழுங்கிய மூக்கு, நடுவில் நூல் கோக்கத் துளை. வேட்டைத் தலையா, பழைய மார்ட்டினித் துப்பாக்கியின் தலையா என்று நான் நோட்டைப் புரட்டுவதற்குள் அது வாணலியில் விழுந்துவிட்டது. 1801-ல் இந்தச் சீமையில் வளரி வீசியவர்களுக்கு எதிராகச் சுட்ட ஈயக்குண்டு ஒன்றுகூட இதுவரை என் கண்ணில் படவில்லை. எத்தனை வலையில் எத்தனை தலைமுறை அது மூழ்கி எழுந்ததோ. வளரிக்காவது இராமநாதபுரம் அரண்மனையில், இராமலிங்க விலாசத்தில் இடம் கிடைத்தது. 1914-ல் எம்டன் கப்பல் சென்னையில் வீசிய குண்டின் சில்லு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தச் சில்லையும் யாரோ ஒருவர் எடைக்குப் போடாமல் எடுத்துவைத்ததால்தான் இருக்கிறது.

எடுத்துவைக்கும் முறையிலும் இரண்டு விஷயம். புளி போட்டு விளக்காதீர்கள். நான் செய்தேன், வருட இலக்கம் பாதி தேய்ந்துவிட்டது. பச்சைக் களிம்பு அழகாக இல்லைதான், இருந்துவிட்டுப் போகட்டும். அப்புறம், யூரியா மூட்டைக்கும் கருவாட்டுக் குடோனுக்கும் பக்கத்தில் பித்தளைக் கூடுகளைப் போடாதீர்கள். சிரிக்க வேண்டாம், இதற்கு ஒரு கதை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் பட்டாளத்துத் தோட்டாக்கள் மழைக்காலம் வந்தால் தாமாகவே நீளவாக்கில் விரிந்துபோயின. 'பருவ வெடிப்பு' என்று பெயர் வைத்தார்களே தவிர ஏன் என்று தெரியவில்லை. குதிரை லாயத்தில் தோட்டாப் பெட்டி வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும் மழை ஈரமும் சேர்ந்து, இழுத்துச் செய்த பித்தளையின் உள்ளிறுக்கத்தில் போய்ப் பிளந்தது. இங்கிலாந்தில் 1921-ல்தான் அதைச் சரியாக விளக்கினார்கள். கூட்டைச் செய்த பிறகு மிதமாகச் சூடுகாட்டி இறுக்கத்தைத் தளர்த்தினால் பிளக்காது என்பது தீர்வு. கருவாட்டு வாடையிலும் அமோனியா உண்டு. கீழக்கரையில் ஒரு காக்கா குடோனில் நான் பார்த்த கூடுகள் வரிசையாக விரிந்திருந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நான் கேட்பது பெரிதில்லை. கடையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வையுங்கள். செத்த கூடு வந்தால் அதில் போடுங்கள். போடும்போது ஒரு சீட்டில் ஊர்ப் பெயர் மட்டும் எழுதுங்கள்: 'உச்சிப்புளி, கிணறு', 'தேர்த்தங்கல் கண்மாய்', 'வாலிநோக்கம், மணல்'. கொண்டுவந்தவர் பெயர் வேண்டாம், அவர்களைப் பயமுறுத்த வேண்டாம். பித்தளை விலைக்கு இரண்டு மடங்கு தருகிறேன். என்னிடம்தான் தர வேண்டும் என்றில்லை, வேறு யாராவது உண்மையாகச் சேர்க்கிறவர் வந்தாலும் கொடுங்கள். எனக்குப் பின் என்னுடையதெல்லாம் ஏதாவது ஒரு அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டால் அங்கே போகட்டும் என்று மகளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவள் இதைக் கேட்டு, "அவங்க வாங்கலைன்னா?" என்றாள். வாங்காவிட்டால் திரும்ப உங்களிடம்தான் வரும். பேரீச்சம்பழம் தயாராக இருக்கட்டும்.

சீட்டு ஏன் என்று ஒருவர் கேட்டார். கூடு எங்கே செய்தது, எந்த வருடம் என்பதை அதன் அடியே சொல்லிவிடும். எங்கே சுட்டது, எங்கே கிடந்தது என்பதை அது சொல்லாது. அது உங்கள் கடை வாசல்வரை உயிரோடு வருகிறது, தராசில் ஏறியதும் போய்விடுகிறது.

அப்படிப் போன ஒன்றைக் கேட்டு முடிக்கிறேன். 2011-ல் மண்டபம் பக்கம் ஒரு கடையில் பதினேழு கூடுகள் வாங்கினேன். எல்லாம் .303 பொய்த் தோட்டா, உடம்பில் துளை போட்டவை, பள்ளங்களில் சிவப்பு இன்னும் ஒட்டியிருந்தது. ஒரே பட்டறையில் துளைத்த மாதிரி ஒரே இடைவெளி. ஏதோ ஒரு பள்ளியின் என்சிசி அறையிலிருந்து வந்திருக்கலாம், முகாமிலிருந்து வந்திருக்கலாம். கடை அதற்கடுத்த வருடமே கைமாறிவிட்டது, பழைய முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சாக்கின் வாயை நீல நைலான் வலைக்கயிற்றால் கட்டியிருந்தார்கள், இரட்டை முடிச்சு. அந்தச் சாக்கைக் கொண்டுவந்தவரையோ இறக்கியவரையோ யாருக்காவது நினைவிருந்தால், அடுத்த மாதம் நான் வரும்போது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தோட்டா வாத்தியார்
தேவிபட்டினம்